வரைபடத்தில் இல்லாத காலனிக்காக உடன் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், எங்கள் குன்றுக்காகவும் கண்மாய்க்காகவும் உடன் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குன்றில் வரவிருந்த கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்ற ஆணையின் நகல் நேற்று முன்தினம் மாலை எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதை ஊர் மந்தையில் ஒருமுறையும், ஆதிதிராவிடர் மக்கள் வாழும் காலனியின் வேப்பமரத்தடியில் ஒருமுறையும் வாசித்தோம். இரண்டாம் முறை வாசிக்கையில் எனக்குக் குரல் எழவில்லை. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் தாளை வாங்கி மீதியை வாசித்து முடித்தார். இந்த ஒன்றரை ஆண்டில் நாங்கள் பட்டதை இம்மடலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் நேரில் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி எழுதப் போவதில்லை. குவாரி பற்றி மக்களிடம் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று கண்ட ஒன்றை மட்டும் எழுதியே தீர வேண்டும்.

ஐயா, நீங்கள் எங்கள் தொகுதியின் உறுப்பினர் அல்லர். 234 பேர் அமரும் அவையில் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்களே உங்கள் கட்சிக்கு உண்டு. எங்கள் ஒன்றியத்தில் உங்கள் கொடிக்கம்பம்கூடக் கிடையாது. எங்களால் உங்களுக்கு ஒரு வாக்கும் வரப் போவதில்லை என்பது தெரிந்தும், முதல் கடிதம் கிடைத்த அதே வாரத்தில் தொலைபேசியில் அழைத்தீர்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், குவாரியின் பாதிப்பை மதிப்பிட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், கூட்டம் முடியும் முன் அன்று பதிவானதைத் தமிழில் வாசித்துக் காட்டியாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ளவற்றைப் பொறுமையாகச் சொன்னீர்கள். அன்று குறித்துக்கொண்ட தாள் இப்போதும் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது.

கூட்டத்தன்று பெரும்பாலான தலைவர்கள் செய்வதைப் போல நீங்களும் வந்ததும் பேசிவிட்டுப் புறப்பட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தோம். நீங்களோ மேடைப் பக்கமே போகாமல், பந்தலின் பின்வரிசையில், காலனிப் பெண்கள் அமர்ந்திருந்த தரையில் போய் உட்கார்ந்தீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருந்த மூதாட்டியை எங்கள் ஊரில் அனைவருக்கும் தெரியும். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வயல்களில் நாற்று நட்டவர். எங்கள் தெருச் சிறுவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லி, 'வா', 'போ' என்றுதான் அழைப்பார்கள். என் அப்பா வயதை ஒத்த அவரை நானும் என் பிள்ளைப் பருவம் தொட்டு அப்படித்தான் அழைத்து வந்தேன். நீங்கள் அவரை "அம்மா" என்றீர்கள். "இந்தப் படத்தைப் பாருங்கம்மா" என்று அறிக்கையின் வரைபடத்தை அவர் மடியில் விரித்து, குன்று இது, கண்மாய் இது, ரோடு இது என்று விரலால் தொட்டுக் காட்டினீர்கள். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் சரிதான்யா, எங்க வீடு இதுல எங்க இருக்கு?"

காலனி அந்தப் படத்தில் இல்லை. குவாரிக்கு மிக அருகிலுள்ள குடியிருப்பு என்று எங்கள் ஊரைக் குறித்து, தூரத்தை எங்கள் தெருவிலிருந்தே அளந்திருந்தார்கள். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்பது 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளில் உள்ள கட்டுப்பாடு. நாற்பத்து மூன்று வீடுகள் அந்த எல்லைக்குள் இருந்தும், அறிக்கைக்கு அவை கண்ணில் படவில்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நாங்கள் எழுதிய பதினொரு மனுக்களில், எங்கள் கிணறு, எங்கள் பாசனம், எங்கள் மேய்ச்சல் நிலம், தெய்வம் குடியிருக்கும் பாறை என எல்லாவற்றையும் எழுதிய நாங்களும் காலனியை எழுதியிருக்கவில்லை. அறிக்கை தயாரித்தவர்கள் எங்கோ இருந்து வந்தவர்கள். நாங்கள் தினமும் அந்த வழியாகத்தான் வயலுக்குப் போகிறோம்.

உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தபோது நீங்கள் எழுந்து, "என் நேரத்தை இந்த அம்மாவுக்குத் தருகிறேன், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லி அவரைக் கைத்தாங்கலாக ஒலிவாங்கி வரை அழைத்துச் சென்றீர்கள். பொது இடத்தில் ஒலிவாங்கியின் முன் அவர் நின்றது அதுவே முதல் முறை. பழைய குவாரியில் வெடி வைத்த காலத்தில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடியதையும், சுவர் விரிசலில் சாணமும் மண்ணும் குழைத்து அடைத்ததையும், கல் உடைக்கப் போன மகன் இருமி இருமியே உருக்குலைந்ததையும் அவர் சொன்னார். "எங்க வீட்ட விட்டுட்டு அளந்தா அது எப்படிய்யா அளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன்பின் பேச வேண்டியிருந்த நான் என் குறிப்பை மடித்து வைத்துவிட்டேன்.

மாலையில் பதிவுகளை வாசித்தபோது அவர் பேசியது, "ஒரு பெண்மணி எதிர்ப்புத் தெரிவித்தார்" என்ற ஒற்றை வரியாகியிருந்தது. பாதிப் பேர் கலைந்துவிட்ட அந்த நேரத்திலும் நீங்கள் இருந்தீர்கள். குரலை உயர்த்தாமல், நீங்கள் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களை வாசித்து, "இவை அவருடைய சொற்கள், இப்படியே பதிவாக வேண்டும்" என்று கேட்டீர்கள். தலைமை தாங்கிய அதிகாரி மறுப்புச் சொல்லாமல் முழுவதையும் சேர்த்து, அதை மீண்டும் வாசிக்கச் செய்த பிறகே கையெழுத்திட்டார். அவருக்கும் எங்கள் நன்றி உரியது. இப்போது வந்துள்ள ஆணையில் மறுப்புக்கான காரணங்களுள் முதலாவதாக உள்ளது, அருகிலுள்ள குடியிருப்பு அறிக்கையில் மறைக்கப்பட்டது என்பதே. அந்த இரண்டு பக்கங்கள் பதிவில் ஏறாமல் போயிருந்தால் இந்த வரி ஆணையில் வந்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன். வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

பின்னர் சட்டமன்றத்தில், துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்கள் கட்சிக்குக் கிடைத்த சில நிமிடங்களையும் இதற்கே செலவிட்டீர்கள். கட்சியின் பலத்துக்கு ஏற்பத்தான் அவையில் நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு அரிது என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன். அதில் எங்கள் ஊரைப் பற்றி மட்டும் பேசாமல், தூரம் அளக்கும் எந்த அறிக்கையிலும் ஆதிதிராவிடர் குடியிருப்பு தனியாகக் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். குப்பைக் கிடங்கும் சாயக்கழிவும் கல்தூசியும் எந்தத் தெருவின் பக்கமாக ஒதுங்குகின்றன என்று பார்த்தால் போதும், சுற்றுச்சூழலும் சமூகநீதியும் வேறு வேறு அல்ல என்பது விளங்கும் என்று நீங்கள் பேசியதை நாளிதழில் நான்கு வரியாகப் படித்தோம். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும், நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டையும் வைத்துக்கொண்டு வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து தந்த ஓய்வுபெற்ற நில அளவையர், கட்டணம் வாங்காமல் மனு எழுதிய வழக்கறிஞர், தூசி படிந்த இலைகளை நாள்தோறும் படமெடுத்த மாணவர்கள், கூட்டத்தன்று இருநூறு பேருக்குச் சமைத்த இரு தெருப் பெண்கள், செய்தியைத் தொடர்ந்து எழுதிய நிருபர்கள், தங்கள் ஊரிலும் இதே துயரம் இருக்க எங்களுக்காக வந்து நின்ற பக்கத்துக் கிராமத்தார் ஆகிய அனைவருக்கும் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டார்கள்.

அக்டோபர் 2 கிராமசபையைக் காலனி வேப்பமரத்தடியில் நடத்த ஊராட்சியிடம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற்றிருக்கிறோம். நாற்காலி போடப் போவதில்லை, எல்லோருக்கும் ஒரே ஜமுக்காளம்தான். பழைய குவாரிப் பள்ளத்துக்கு வேலி அடைப்பதும், காலனிக்குத் தனிக் குடிநீர்க் குழாய் இழுப்பதும் அன்றைய முதல் இரண்டு தீர்மானங்கள். சங்கம் இனி அனுப்பும் எந்த மனுவும் காலனியில் வாசிக்கப்பட்டு, அங்குள்ளவர்களின் கையொப்பம் பெற்ற பிறகே அனுப்பப்படும் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இம்மடலை அனுப்பும் முன் அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது நானும் அவரை அப்படித்தான் அழைக்கிறேன். முதல் நாள் அழைத்தபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். கிராமசபைக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும் என்று எழுதச் சொன்னார்.

நன்றியுடன்,
கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தின் சார்பில்,
செயலாளர்