புதிய கமராவும் மலையக ஈரமும்

ஆசிரியருக்கு,

2024இல் வெளியான நிக்கொன் இசட் 6 கமராவின் மூன்றாம் பதிப்புக்கு நம் மலையகக் கல்யாணக் கமராக்காரர்கள் ஆசைப்படுவதில் தவறில்லை. அதன் 24.5 மெகாபிக்சல் சென்சர், அதாவது படம் பதியும் சில்லு, காட்சியை வேகமாக வாசிப்பதால், சத்தமில்லா ஷட்டரில் ஓடும் பிள்ளைகளின் உருவம் கோணுவது குறைவு. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு: குறைந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) எடுத்த படத்தின் இருட்டைப் பிறகு வெளிச்சமாக்கினால், முந்திய இரண்டாம் பதிப்பை விட இரைச்சல் புள்ளிகள் கூடுதலாகத் தெரியும். கோயில் வாசலில் எதிர்வெயிலில் நிற்கும் மணமக்களுக்கு ஃபிளாஷ் போட்டே ஆகவேண்டும்.

நுவரெலியா ஈரத்தில் லென்ஸுக்கு ஃபங்கஸ் பிடிப்பது வேறு கவலை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் போதும். குளிரிலிருந்து மண்டபத்துக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடியில் பனி படியும். இந்தப் பாதுகாப்புக்கும் சிஎஃப் எக்ஸ்பிரஸ் எனும் வேகமான நினைவட்டைக்கும் காசு மிஞ்சாவிட்டால், பழைய இசட் 6 இரண்டாம் பதிப்பும் நல்ல 85 மி.மீ. லென்ஸும் எடுப்பதே கெட்டித்தனம்.

வாசகர்,
ஹட்டன்.