கணக்கு சார் நினைவுக் கூட்டம்: வரும் ஞாயிறு மாலை 5 மணி

நண்பர்களே, வணக்கம்.

நம் கணக்கு சார் மறைந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு இணையவழியில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறோம். இணைப்பு 4.45-க்கு இங்கேயே வரும். தாமதமாக வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி வாய்ப்பாடு சொல்லவைத்தவர் அவர், ஞாபகம் இருக்கட்டும்.

1. பேச விரும்புவோர் வியாழனுக்குள் பெயர் கொடுங்கள். ஆளுக்கு 3 நிமிடம். 'நல்ல மனிதர்' என்று பொதுவாக முடித்துவிடாமல் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 1729-ஐப் பலகையில் எழுதி, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாரே, அந்த மாதிரி. 1-ம் 12-ம் ஒரு ஜோடி, 9-ம் 10-ம் இன்னொன்று. எனக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை.

2. பழைய படங்களை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், முகமே தெரியாது. கூடவே ஆண்டு, வகுப்பு.

3. வர முடியாதவர்கள் சனி இரவுக்குள் 2 நிமிடக் குரல் பதிவை எனக்குத் தனியாக அனுப்பலாம்.

4. சார் வீட்டுக்கு இப்போதைக்கு யாரும் போன் செய்ய வேண்டாம். குடும்பத்தினர் கேட்டுக்கொண்டது. அப்புறம், எல்லாப் படங்களையும் பதிவுகளையும் சேர்த்து அவர்களிடம் ஒன்றாகக் கொடுத்துவிடுவோம்.

5. இந்தக் குழுவில் இல்லாத நம் வகுப்பு ஆட்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

வருபவர்கள் 'வருகிறேன்' என்று எழுத்தில் பதில் போடுங்கள். கைகூப்பும் படம் மட்டும் போட்டால் வருகிறீர்களா, அஞ்சலியா என்று புரிவதில்லை.