தம்பிக்கு, ரேவா போகும் வழி பற்றி

ஜார்ஜ்டவுன், கயானா

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்பு. அம்மாவிடம் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவை.

ஜூனில் வந்து ரேவா கிராமத்துக்குத் தனியாகப் போவதாக எழுதியிருந்தாய். ஜூன் வேண்டாம்டா. ரேவா இருப்பது இந்த நாட்டின் உள்பக்கம், ருப்புனுனி ஆற்றுப் பகுதியில். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழைக்காலம், புல்வெளியெல்லாம் ஏரியாகிவிடும். அக்டோபருக்கு மேல் வா.

பயணச்சீட்டுக்கு முன்னால் அனுமதி. அது மக்குஷி என்கிற பழங்குடி மக்களின் சொந்த நிலம். 2006-ஆம் வருஷத்து அமரிந்தியர் (இங்கே பழங்குடிகளுக்கு அப்படிப் பேர்) சட்டப்படி, கிராம சபை சம்மதிக்காமல் வெளியாள் நுழையக் கூடாது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவருக்கு தொஷாவ் என்று பேர். வரும் தேதியைச் சொல்லி முன்கூட்டியே கேள். கேட்காமல் போய் இறங்குவது, நம் வீட்டுத் திண்ணையில் எவனோ வந்து பாய் விரிக்கிற மாதிரி. மஞ்சள் காய்ச்சல் ஊசியை 10 நாளுக்கு முன்பே போட்டுக்கொள். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பும்போது நம்மூர் விமான நிலையத்திலேயே தனியே பிடித்து வைத்துவிடுவார்கள்.

பிரேசில் எல்லையில் இருக்கிற லெத்தம் ஊருக்கு, ஜார்ஜ்டவுனிலிருந்து மினிபஸ் சாயங்காலம் கிளம்பும். குருபுகாரியில் எசெக்கிபோ ஆற்றைக் கடக்கும் பாண்டூன், அதாவது வண்டியை ஏற்றிப்போகும் மிதவை, பகலில்தான் ஓடும், அதனால் ராத்திரி வழியில் ஹம்மாக் என்கிற தொங்கு தூளியில்தான் படுக்கை. கொசுவலையும் கயிறும் கைக்கெட்டும்படி வை. லெத்தம் வரை போகாதே, வழியில் அன்னாய் கிராமத்தில் இறங்கிவிடு. பக்கத்துக் குவாட்டமாங் படகுத்துறையிலிருந்து ருப்புனுனி ஆற்றோட்டத்தோடு 2, 3 மணி நேரம் படகில் போகணும். வாடகை ஆளுக்கு இல்லை, படகுக்கு. போகவர பெட்ரோலும் உன் கணக்கு. அங்கே ஏடிஎம் கிடையாது, சில்லறை நோட்டாக எடுத்துப் போ. தண்ணீர் வற்றிய மாதங்களில் படகு மணல்திட்டில் தட்டும், இறங்கித் தள்ளணும். அப்போது காலைத் தூக்கி வைக்காதே, தேய்த்துத் தேய்த்து நட. மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலால் குத்திவிடும்.

அங்கே என்ன சாப்பாடு என்று அம்மா கேட்டார்களாமே. மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் நம்மூர் போல அவித்துத் தின்ன முடியாது. கசப்பு ஜாதி, சயனைடு விஷம் உண்டு. துருவி, மட்டாப்பி என்கிற நீளமான பின்னல் குழாயில் திணித்து உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். அடியில் கட்டையைக் கோத்து அதன்மேல் ஆள் உட்கார்ந்தால் குழாய் நீண்டு ஒடுங்கும், சாறு முழுக்க வடிந்துவிடும். அந்த விஷச் சாற்றையும் கொட்டுவதில்லை. வெகுநேரம் கொதிக்க வைத்தால் விஷம் போய்க் கறுப்புக் குழம்பாகிவிடும். அதுதான் கசரீப். மீனும் மிளகாயும் அதில் வேகும். பிழிந்த மாவைத் தட்டி ரொட்டி சுடுவார்கள், வறுத்தால் பொரபொரவென்று ஆகும், அதற்கு ஃபாரின் என்று பேர். ஃபாரினைத் தண்ணீரில் ஊறவைத்து, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால்... அம்மா சட்டியில் ஊற்றித் தருகிற பழையசோறுதான் தம்பி. அதற்குமேல் எழுத வரவில்லை.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல். பின்கட்டு ஓடு முழுக்க மாற்றுவதைப் பொங்கல் வரை தள்ளிப் போடு. ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் விரித்துக் கல் வை. பெரியக்கா நகை விஷயத்தை மாமாவிடம் இப்போது பேச வேண்டாம், நானே எழுதுகிறேன். தீபாவளிக்கு அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பாதே. அது முடிந்ததும் வா. வரும்போது அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்.

உன் அண்ணன்,
முத்து