இரண்டு மணிக்கு எழுப்பிவிடப்பட்ட மதிய விருந்து

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பிரெஞ்சு உணவகம், புல்வார் பகுதி, புதுச்சேரி.

பொருள்: ஞாயிறு மதிய விருந்தை அவசரப்படுத்தி முடித்தது, சேவைக் கட்டணம் வசூலித்தது தொடர்பாக.

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளுக்காக நாங்கள் நான்கு பேர் உங்கள் உணவகத்துக்கு வந்திருந்தோம். மேசை 12.30-க்குப் பதிவு. ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம். தலைக்கு 1,450 ரூபாய் என்ற மதிய விருந்தைத்தான் சொன்னோம்.

உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அப்பாவுக்காக. என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குசினியிலிருந்து ஒவ்வொன்றாக வரும், சூப்பில் தொடங்கி காப்பியில் முடிய மூன்று மணி ஆகிவிடும் என்று அப்பா சொல்வார். வாசலில் 'அவசரமில்லாத மதியம்' என்ற உங்கள் பலகையைப் பார்த்ததும் இங்கேதான் வரவேண்டும் என்றார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வஞ்சிரத்துக்கு ஊற்றியிருந்த வெண்ணெய்க் குழம்பு அருமை. வெள்ளை ஒயின், வினிகர், வெண்ணெய், அதோடு நம்ம ஊர்ச் சின்ன வெங்காயம் என்று பரிமாறிய தம்பி சொன்னார். அந்தத் தம்பி மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், ஆறு மேசைக்கு அவர் ஒருவர்.

வெங்காய சூப் வர 1.05 ஆனது. அதன் மேல் சீஸ் உருகி, பொன்னிறமாகப் படர்ந்திருக்க வேண்டும். இங்கே கடையில் விற்கும் சதுரத் துண்டு ஒன்று கிடந்தது, ஒரு மூலை உருகாமல் தூக்கிக்கொண்டு. சரி, புதிய கடை என்று விட்டுவிட்டோம். இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டோம், வந்தது. அதற்குத் தனியாக 120 ரூபாய் என்பது பில்லில்தான் தெரிந்தது. பாரிஸில் ரொட்டிக்கூடை காலியானால் கேட்டால் போதும், காசு இல்லாமல் நிரப்புவார்கள் என்று அங்கே இருக்கும் சித்தப்பா சொல்வார்.

என் புகாரின் மையம் இனிமேல்தான். மீன் 1.30-க்கு வந்தது. நாங்கள் பாதிகூடச் சாப்பிடவில்லை, கடைசியில் வர வேண்டிய இனிப்பான க்ரேம் ப்ருலே நான்கையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்கள். கூடவே காப்பியும். அம்மாவுக்குப் பல்செட், மெதுவாகத்தான் சாப்பிடுவார். அவர் மீனை முடித்து அதைத் தொடும்போது மேலே இருந்த சர்க்கரை ஓடு இளகிப் பாகாகிவிட்டிருந்தது. அதைக் கரண்டியால் தட்டினால் 'டொக்'கென்று உடையும் என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தட்டினார். கரண்டி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

1.50-க்கு உங்கள் மேற்பார்வையாளர் வந்து, இரண்டு மணிக்கு இந்த மேசைக்கு வேறு பதிவு இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பதிவு செய்தபோது ஒன்றரை மணி நேரம்தான் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்த குறுஞ்செய்தியிலும் இல்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, நாம எழுந்துக்கணுமா?" என்று கேட்டார். அப்பா ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ 2010-இல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டதை உங்கள் மெனு அட்டையின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். ஒன்று முடிந்து அடுத்தது வருவதும், உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதும் அந்த மரபில் சேர்ந்தவைதானே? மதியம் கடையடைத்துவிட்டு நாலு மணிக்குத் திறக்கும் வழக்கம் இன்னும் முழுசாகப் போகாத ஊர் இது. இங்கே போய் மதியச் சாப்பாட்டுக்குக் கடிகாரம் காட்டுகிறீர்கள்.

அப்புறம் பில். சாப்பாடு 5,800, தண்ணீர் பாட்டில் இரண்டு 180, ரொட்டி 120, ஆக 6,100. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 610. அதையும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி 335.50. நான் கட்டியது 7,046 ரூபாய். சேவைக் கட்டணத்தை எடுத்துவிடச் சொன்னதற்கு, கம்ப்யூட்டரில் தானாக ஏறுவது, எடுக்க முடியாது என்றார்கள். தானாக ஏறக் கூடாது என்பதுதான் ஐயா விதி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. பரிமாறிய தம்பிக்கு நான் தனியாகக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

எனவே சேவைக் கட்டணம் 610, அதன் மேல் போட்ட வரி 30.50, ஆக 640 ரூபாய் 50 காசைத் திருப்பித் தர வேண்டும். மேசைக்கு நேர வரம்பு இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வாசல் பலகையைக் கழற்றிவிடுங்கள். என் பெற்றோருக்கு ஒரு வரி மன்னிப்பும் எழுதுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன்.

பில்லின் நகல், பதிவுக் குறுஞ்செய்தியின் படம் இரண்டையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஞாயிறு மதியம் ஜன்னலோர மேசையில் இருந்த வாடிக்கையாளர்,
புதுச்சேரி.