கோகலே வெறும் 'காந்தியின் குரு' மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோபால கிருஷ்ண கோகலே பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். காந்தியின் அரசியல் குரு, மிதவாதி, இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியவர் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் 1902-லிருந்து, 1915-ல் 48 வயதில் இறக்கும்வரை வைஸ்ராயின் சட்டசபையில் அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அதுதான் வருத்தமாக இருந்தது.

அந்தச் சபையில் அதிகாரிகளுக்குத்தான் பெரும்பான்மை, எதை வேண்டுமானாலும் தோற்கடிக்கலாம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, உபரி என்று அரசாங்கம் பெருமையாகக் காட்டிய பணம் ஏழைகளிடம் தேவைக்கு மேல் பிடுங்கிய வரிதான் என்று அரசாங்கக் கணக்கை வைத்தே முதல் பட்ஜெட் பேச்சில் எடுத்துக்காட்டினார். உப்பு வரியைக் குறையுங்கள் என்று வருஷா வருஷம் கேட்டார். மணங்குக்கு (சுமார் 37 கிலோ) இரண்டரை ரூபாயாக இருந்த வரி 1907-ல் ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டது.

தமிழர்கள் அவரை மறக்கவே கூடாது. சென்னையில் கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் நம்மவர்கள் எவ்வளவு பேர்! அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று 1910-ல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, மறு வருஷமே அது நின்றது. எல்லா நாடுகளுக்கும் சேர்த்து இந்த முறையையே ஒழிக்கச் சொல்லி 1912-ல் கேட்டபோதுதான் தோற்கடித்தார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது 1911-ல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதா. அதில் அப்படி ஒன்றும் பெரிய புரட்சி கிடையாது. ஓரளவு பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளிக்கு வருகிற ஊர்களில், நகராட்சியோ ஜில்லா போர்டோ விரும்பினால், அரசாங்கத்தின் அனுமதியோடு, 6 முதல் 10 வயதுவரை உள்ள பையன்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம், மாதம் பத்து ரூபாய்க்குக் கீழே சம்பாதிக்கிற பெற்றோரிடம் பள்ளிக் கட்டணம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். பரோடா சமஸ்தானத்தில் 1906-லேயே கட்டாயக் கல்வி வந்துவிட்டது, இங்கே ஏன் முடியாது என்று கேட்டார். ஜின்னா அவரை ஆதரித்துப் பேசினார். பணம் இல்லை, ஜனங்கள் இதற்குத் தயாராகவில்லை என்றெல்லாம் சொல்லி 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்று மசோதாவைத் தள்ளிவிட்டார்கள். தோற்கும் என்று அவருக்கு முன்பே தெரியும், நம்முடைய தலைமுறை தோல்விகள் மூலமாகத்தான் நாட்டுக்குச் சேவை செய்ய முடியும் என்ற பொருளில் அந்த விவாதத்திலேயே பேசியிருக்கிறார். அப்புறம் கல்வி உரிமைச் சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வர 2010 ஆகிவிட்டது. இடையில் படிக்காமலே போன பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சட்டசபையில் தயார் செய்துகொண்டு பேசுவது எப்படி என்று இன்றைய உறுப்பினர்களும் தெரிந்துகொள்ளட்டும். அந்த மசோதாவின் மேல் அவர் பேசியதைத் தமிழாக்கி உங்கள் ஞாயிறு இதழில் முழுதாக வெளியிடுங்கள். நான்கு வாரம் தொடராக வந்தாலும் படிக்க ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்