முதியோர் இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த என் அம்மாவை இரண்டு வருடத்துக்கு முன் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பளபளக்கும் தரை, ஏசி, வாசலில் பிள்ளையார். சரி, நல்ல இடம் என்று நம்பிவிட்டேன். மூன்றாவது வாரம் சேலையை விலக்கிப் பார்த்தால், வால் எலும்புக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து உரிந்திருந்தது. படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது. இரவில் பதினெட்டுப் பேருக்கு ஒரே பெண். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் வேறு இல்லம் தேடியபோது, இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மூத்திர வாடை அடிக்கிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா, புரட்டிய நேரத்தை எழுதும் நோட்டு இருக்கிறதா, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது; அதிகாரிகள் இரவிலும் திடீர் ஆய்வுக்குப் போக வேண்டும். கண்டதை வாசலில் ஒட்ட வேண்டும். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணை நான் போன எந்த இல்லத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை.

– ஒரு மகள், பீளமேடு, கோவை