சந்தைக்கும் வரட்டும் இதயப் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது என்றாலும், வீடு தேடி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வரும் பணியாளரிடம் "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மறுக்கும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலைக்குச் செல்வோரோ பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே போச்சம்பள்ளி வாரச்சந்தை, ஓசூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களிலும் முகாம்கள் நடத்தப்பட வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, மாங்காய் ஊறுகாய்க்குப் பழகிய நமக்குச் சற்றுக் கசக்கலாம். நெஞ்சு வலியை வாயுத்தொல்லையென எண்ணிச் சோடா குடித்துக் காத்திருப்பதே பெருங்கேடு என்பதையும், 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கும் என்பதையும் அம்முகாம்களில் எடுத்துரைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.